பெனுவாவின் முதல் ஒயினில் வந்த வாடை

அன்று காலை அர்மேல் சமையலறை மேசையருகே நின்றபடியே ஒரு மடக்கு ஒயினை விழுங்கினாள். விழுங்கியதும், அப்பா பழக்கியிருந்தபடி, நேரம் அளக்க மனதுக்குள் மாதாவுக்கான மங்கள வார்த்தை ஜெபத்தைத் தொடங்கினாள். நாக்கில் மிளகின் காரம் மெல்லிசாக இருந்தது. அதன் பின்னால் காட்டுச் செர்ரிப் பழத்தின் புளிப்பு. நல்ல ஒயின். தம்பி செய்த ஒயின். ஜெபத்தின் கடைசியில், மரண வேளை என்ற சொல் வருகிற இடத்தில், அது வந்தது.

எலி வாடை. பரணில் வெகுநாள் கிடந்த பெட்டியைத் திறந்தால், உள்ளே எலி கூடு கட்டியிருந்தால், முகத்தில் ஒன்று அடிக்குமே, அது. கோப்பையை முகர்ந்தால் தெரியாது. வாயில் ஊற்றிய உடனேயும் தெரியாது. விழுங்கி, எச்சில் ஊறி, நன்றாக இருக்கிறது என்று மனசு சொல்லி முடித்த பிறகு தொண்டைக்குள்ளிருந்து மேலேறி வரும். எலி விழுந்து வருவதல்ல இது; ஒயின் தானே கெட்டுப் பிடிப்பது. வந்தால் லேசில் போகாது.

நாக்கு தவறினாலும் தோலில் தேய்த்துக் காயவிட்டால் மூக்குக்குத் தப்பாது. அவள் ஒரு துளியைப் புறங்கையில் விட்டுத் தேய்த்தாள். ஈரம் காயும்வரை சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மோந்தாள். இருந்தது.

பிற்பகலில் லீல் நகரத்திலிருந்து ஒயின் வாங்க முசியே தெலாத்ர் வருகிறார். தம்பி பெனுவா விடிந்ததுமே மேட்டுத் தோட்டத்தில் கொடிகளைக் கட்டப் போய்விட்டான். சீழ்க்கை அடித்துக்கொண்டே போனான். அவனுக்கு இது தெரியாது. நாக்கால் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. சில நாக்குகளுக்கு இந்த வாடை கடைசிவரை எட்டாது; அது அவரவர் வாயின் வாகு. அப்பாவின் நாக்குக்கும் அர்மேலின் நாக்குக்கும் எட்டும். பெனுவாவின் நாக்குக்கு எட்டாது.

பெனுவா பிறந்தது ஓர் அறுவடையின் நடுவில். அர்மேலுக்கு அப்போது பதினொரு வயது. பிரசவத்துக்குப் பிறகு அம்மா சரியாக எழுந்து நடமாடவில்லை. பழக்கூடை ஒன்றில் பழைய கம்பளியை விரித்துத் தம்பியைக் கிடத்தி, கொடி வரிசையில் தான் நகர நகரக் கூடையையும் கூடவே நகர்த்திக்கொண்டு போனாள் அர்மேல். எழுதவும் படிக்கவும் கணக்குப் போடவும் வந்த அளவில் அவளுடைய பள்ளிக்கூடம் முடிந்தது. அம்மா போன பிறகு அவனுக்குச் சோறு ஊட்டியதும் அவள்தான், முடி வெட்டிவிட்டதும் அவள்தான்.

பயம் என்பதே இல்லாத பிள்ளை. அவனுக்கும் சேர்த்து அவளே பயந்தாள். ஆறு வயதில் ஒருநாள், பழம் புளித்துக்கொண்டிருந்த தொட்டியில் ஏணி வைத்து ஏறி, தலையை உள்ளே நீட்டிவிட்டான். புளிக்கும் தொட்டியின் மேல் நிற்கும் காற்று கண்ணுக்குத் தெரியாது. குனிந்தவனை நிமிர விடாது. அவர்கள் ஊரான மொந்த்ரிவேயில் அப்படிப் போனவர்களின் கல்லறைகள் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கின்றன. அர்மேல் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததில் இருவரும் ஒன்றாகத் தரையில் விழுந்தார்கள்.

"உள்ள மழை பெய்யற சத்தம் கேக்குதுக்கா" என்றான் பையன், முழங்கால் சிராய்ப்பைக்கூடப் பார்க்காமல்.

அர்மேல் அன்றிரவு அப்பாவின் மெழுகுவர்த்தியை எடுத்துத் தன் கவுன் பையில் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் மெழுகுவர்த்தி ஏற்றி இறக்கி, சுடர் அணைகிறதா என்று பார்க்காமல் அந்த வீட்டில் யாரும் தொட்டிப் பக்கம் போனதில்லை.

வளர்ந்ததும் அவன் கிழக்கே ஜூரா மலைப்பக்கம் போய், ஒரு சின்னக் குடும்பத் தோட்டத்தில் சில வருஷம் வேலை பார்த்தான். அப்பா கவாத்துக் கத்தரியைக் கையில் பிடித்தபடியே கொடிக்கடியில் சரிந்து போனபோது திரும்பி வந்தான். வந்தவன் சவப்பெட்டிக்கு மண் போட்ட மறுவாரமே சொன்னான்:

"சங்கத்துக்கு இனிமே பழம் போடப்போறதில்லக்கா. நம்ம பழத்துல நம்மளே ஒயின் செய்வோம்."

அர்மேல் அடுப்பிலிருந்த சூப்பைக் கிளறுவதை நிறுத்தினாள். கூட்டுறவுச் சங்கத்துக்குப் பழம் போட்டுத்தான் அப்பா குடும்பத்தை ஓட்டினார். போட்ட பழம் ஊர்ப் பழத்தோடெல்லாம் கலந்து பெரிய எஃகுத் தொட்டிக்குள் போய்விடும். யார் பேரும் அதில் இருக்காது. யார் பயமும் இருக்காது.

"யாருடா வாங்குவாங்க? நம்ம பேரு நம்ம தெருவுக்கே தெரியாது."

"அதனாலதான் வாங்குவாங்க. பெரிய பேரு இருக்கற ஒயினக் கூலிக்காரன் வாங்க முடியுமா? நல்லதா, கை எட்டற விலையில, ஒரு வீட்டுல செஞ்ச ஒயின் எங்க கெடைக்கும்னு தேடிக்கிட்டே அலையறவங்க இருக்காங்கக்கா. நம்ம பழத்துல மிளகு வாசன இருக்கு. எஃகுத் தொட்டியில போட்டு அத ஏன் கொல்லணும்?"

சின்ன லுவார் நதியின் சரிவில் மட்டும் விளையும் அந்த மங்கல் சிவப்புப் பழத்தை ஊரார் பெரிதாக மதித்ததில்லை. நிறம் போதாது என்பார்கள். பெனுவா அதை மட்டும்தான் மதித்தான்.

சங்கத்தின் டிராக்டர் ஓட்டும் ஃபிர்மேன், அந்த வருஷ அறுவடையின்போது வேலியருகே வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். பெனுவா ஒவ்வொரு குலையையும் கையில் திருப்பிப் பார்த்து, பூஞ்சைக் காளான் பிடித்த மணிகளைக் கத்தரியால் கிள்ளி எறிந்துகொண்டிருந்தான்.

"என்னப்பா, குலைக்குப் பேன் பாக்கறியா?"

"ஆமா மாமா. உங்க வண்டியில ஏத்தறதுக்கு முன்னாடி நீங்களும் பாத்தீங்கன்னா ஊரு ஒயின் நல்லா இருக்கும்."

"பாத்துக்கிட்டே இரு. கிறிஸ்துமஸ் வந்துடும், நீ இதே வரிசையில நிப்ப."

ஃபிர்மேன் சிரித்துக்கொண்டே போனார். அர்மேலும் சிரித்தாள். ஆனால் சிரிக்கிறவர்கள் எல்லோரும் அவன் தோற்கக் காத்திருப்பவர்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

தொட்டியில் பழம் நன்றாகப் புளித்தது. அவள் குழாய்களைக் கழுவிய தண்ணீரைக் கடைசியில் ஒரு கை பிடித்துக் குடித்துப் பார்ப்பாள். குடிக்கலாம் என்றால்தான் குழாய் சுத்தம். பாறையைக் குடைந்த நிலவறையில், பீப்பாய்களுக்கு நடுவே தரையைத் தினமும் தேய்த்தாள். குளிர்காலம் முழுதும் பீப்பாயிலிருந்து எடுத்துச் சுவைத்ததில் குறை ஒன்றும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் அவளுக்கு உறுத்தியது.

"பாட்டில்ல அடைக்கும்போது துளி கந்தகம் போட்ருடா. காத்துப் பட்டாலும் தாங்கும்."

"வேணாங்கா. ஜூராவுல எங்க மொதலாளி போட மாட்டாரு. பழம் சுத்தம், நீ கழுவின குழா அதைவிடச் சுத்தம். மருந்து எதுக்கு?"

பாட்டில் அடைக்கும் எந்திரம் சின்னக் குடும்பங்களிடம் இருக்காது. அதை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக ஒருவர் வருவார். சித்திரை வெயில்போல வெக்கை அடித்த ஒருநாள், தெற்குக் காற்று வீசிக்கொண்டிருந்தபோது, அந்த லாரி முன்னறிவிப்பில்லாமல் வந்து வாசலில் நின்றது. குறித்த நாளுக்கு இன்னும் காலம் இருந்தது. வேறொரு வீட்டில் வேலை தள்ளிப்போனதால் இங்கே வந்திருந்தார். தெற்குக் காற்றில் ஒயினை அசைக்கக்கூடாது என்பது அப்பா காலத்து வழக்கம். அவரைத் திருப்பி அனுப்பினால் மறுபடி எப்போது வருவாரோ. பெனுவா அடைத்துவிட்டான். எந்திரம் குலுங்கிக் குலுங்கி அடைத்தது. அர்மேல் ஒவ்வொரு தக்கையையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்து அடுக்கினாள்.

முதல் மாதம் ஒன்றுமில்லை. இரண்டாவது மாதம், தெலாத்ர் வரும் அன்று காலை, இது.

நிலவறைக்குள் எலி என்ற சொல்லை அப்பா யாரையும் சொல்ல விட்டதில்லை. சொன்னால் அதற்குக் காது கேட்கும் என்பார். "குடித்தனக்காரன்" என்றுதான் சொல்வார். ஒரு தடவை ஒரு பீப்பாயில் குடித்தனக்காரன் வந்தபோது மௌனமாகப் பீப்பாயை உருட்டிப்போய்ச் சாக்கடையில் கவிழ்த்தார். ஒரு பீப்பாய்தான் அது. இப்போது தம்பியின் முழு அறுவடையும் பாட்டிலில் இருக்கிறது. தெலாத்ர் வாங்கினால் அவன் தன் பேரில் அடுத்த அறுவடையைச் செய்வான். வாங்காவிட்டால் கோடை முடிவதற்குள் சங்கத்தில் மறுபடி கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் பத்து வருஷத்துக்கு ஒரு குலைகூட வெளியே தர முடியாது. அவன் கை கட்டிப்போடப்படும்.

சொல்லிவிடலாம் என்று அவள் காலணியை மாட்டிக்கொண்டு மேட்டுத் தோட்டத்துக்குப் புறப்பட்டாள். வாசலைத் தாண்டவில்லை, சாம்பல் நிற வேன் ஒன்று தூசியைக் கிளப்பிக்கொண்டு ஏறி வந்தது. பிற்பகல் என்று சொல்லியிருந்தவர் காலையிலேயே வந்துவிட்டார்.

தெலாத்ர் ஒல்லியான மனிதர். முழங்கால்வரை யாரோ ஒருவர் தோட்டத்துச் சேறு காய்ந்திருந்தது.

"மன்னிச்சுக்கங்க மதாம். போன வீட்டு ஒயின் அவ்வளவா சுகமில்ல, சீக்கிரம் கெளம்பிட்டேன். ஒரு காப்பி கெடைச்சா உயிர் வரும்."

காப்பி ஊற்றும்போது தட்டில் கொஞ்சம் சிந்தியது. அவர் அதைப் பார்க்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தார். லீலில் ஒரு சின்னக் கடை. பேர் தெரியாத குடும்பங்களின் ஒயினைத் தேடி வருஷம் முழுக்கச் சுற்றுகிறார். பேருந்து ஓட்டுகிறவரும் பள்ளிக்கூட ஆயாவும் ஞாயிற்றுக்கிழமை மேசையில் வைக்கிற விலை; ஆனால் பணக்காரன் வீட்டு மேசையில் வைத்தாலும் தலைகுனியாத சரக்கு.

"பெரிய பேரு வாங்கறதுக்குப் பெரிய பணம் வேணும் மதாம். எனக்கு நாக்கு போதும்" என்று தன் நாக்கைத் தொட்டுக் காட்டினார்.

அந்த நாக்கைப் பார்த்ததும் அர்மேலுக்கு வியர்த்தது.

பெனுவா வேனைப் பார்த்துவிட்டு இறங்கி ஓடி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. நிலவறைக்கு மூவரும் போனார்கள். வாசலில் அவள் அவன் கையைப் பிடித்தாள்.

"தம்பி, ஒரு நிமிஷம்..."

"அப்புறமாக்கா. அவரு நிக்கறாரு பாரு."

உள்ளே குளிர்ந்தது. பாறைச் சுவரில் ஈரம் மின்னியது. பெனுவா ஒரு பாட்டிலை எடுக்கப் போனான். அவள் முந்திக்கொண்டு, ஆழத்தில், சுவரோடு ஒட்டியிருந்த வரிசையிலிருந்து வேறொன்றை எடுத்தாள். எல்லாப் பாட்டிலிலும் இருக்காதோ என்று ஒரு நப்பாசை. தக்கையை அவள்தான் உருவினாள். ஊற்றும்போது பாட்டிலின் கழுத்து கோப்பையில் தட்டித் தட்டி ஒலித்தது.

"என்னக்கா, கை இப்படி ஆடுது" என்றான் தம்பி மெதுவாக.

"குளிருது."

தெலாத்ர் முகர்ந்தார். வாயில் வைத்து உருட்டினார். வாளியில் துப்பினார். இன்னொரு மடக்கு எடுத்தார். இதைத் துப்பவில்லை, விழுங்கினார்.

அர்மேல் ஜெபத்தைத் தொடங்கினாள். இத்தனை பயத்தோடு அவள் அதைச் சொன்னதில்லை. நடுவில் ஒரு வரி மறந்துவிட்டது. திரும்பச் சொன்னாள். மரண வேளை என்ற சொல்லை நெருங்கும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அவருடைய காலணிச் சேற்றைப் பார்த்தாள். தானும் ஒரு மடக்கு குடித்திருந்தாள். அவள் தொண்டையில் அது வந்துவிட்டது. தப்பாமல் வந்தது.

தெலாத்ர் நாக்கைச் சப்புக் கொட்டினார்.

"மிளகு!" என்றார். "அட! சுத்தமான மிளகு. என்னா ஒரு சரக்கு! தம்பி, எத்தன பாட்டில் இருக்கு?"

பெனுவா சொன்னான்.

"வேற யாருக்காவது வாக்குக் குடுத்திருக்கியா?"

"இல்ல முசியே."

"குடுக்காத. மொத்தத்தையும் நான் எடுத்துக்கறேன்."

அவர் இன்னொரு வாய் குடித்தார். மீண்டும் சப்புக் கொட்டினார். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இவர் நாக்கும் பெனுவாவின் நாக்கு மாதிரிதான். இவருக்கும் எட்டாது.

ஒரு கணம் உடம்பு லேசாகிவிட்டது. தப்பித்தோம். அடுத்த கணமே அதைவிடப் பெரிய பயம் வந்து உட்கார்ந்தது. லீலில் பேருந்து ஓட்டுகிறவர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை பாட்டிலைத் திறப்பார். மனைவிக்கு ஊற்றுவார். ஒரு ஜெபம் சொல்லும் நேரம் கழித்து அந்த அம்மாள் கோப்பையைத் தள்ளிவைப்பாள். பாட்டிலைத் திருப்பிப் பேரைப் படிப்பாள். கோர்மெரே. அப்பாவின் பேர். தம்பியின் பேர்.

அவளை அறியாமல் அவள் கட்டைவிரல் புறங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தது. கை மெல்ல மூக்குக்குப் போனது.

பெனுவா அதைப் பார்த்தான்.

சிரிப்பு அவன் உதட்டிலேயே நின்றுபோனது. அவளைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டவில்லை, கண்ணைத் தாழ்த்தினாள். அந்தக் கூடைக்குள் கிடந்த காலத்திலிருந்து அவள் முகத்தைப் படித்தவன் அவன். அவன் முகம் வெளுத்தது. பயமே அறியாத பிள்ளை பயப்படுவதை அவள் அன்றுதான் பார்த்தாள். சொல்லாமல் விட்டுவிடுடா என்று ஒரு குரல் அவளுக்குள் கெஞ்சியது. சொல்லிவிடுடா என்று இன்னொன்று.

"முசியே" என்றான் பெனுவா. "கைய நீட்டுங்க."

"எதுக்கு?"

"நீட்டுங்களேன்."

புறங்கையில் சில துளி விட்டுத் தன் விரலால் தேய்த்தான். "காயட்டும்" என்றான். மூவரும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாறையிலிருந்து எங்கோ ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று.

"இப்ப மோந்து பாருங்க."

தெலாத்ர் மோந்தார். தலை பின்னுக்குப் போனது. மறுபடி மோந்தார்.

"அடச்சீ! எலி!"

அந்தச் சொல் நிலவறைக்குள் எதிரொலித்தது. அர்மேல் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"உங்க நாக்குக்குத் தெரியாது முசியே. எனக்கும் தெரியாது. எங்க அக்காவுக்குத் தெரியும்."

தெலாத்ருக்குக் கோபமா, சிரிப்பா என்று அவருக்கே தெரியவில்லை. கையைக் கால்சட்டையில் துடைத்தார். திரும்ப மோந்தார்.

"இத்தன வருஷமா இந்த நாக்க நம்பித்தான் கடைய நடத்தறேன்! இதுல ஓட்டை இருக்குன்னு ஒருத்தனும் சொன்னதில்ல." பிறகு பெனுவாவைப் பார்த்தார். "ஏம்ப்பா, நான்பாட்டுக்கு எடுத்துட்டுப் போயிருப்பேன். நீ எதுக்குச் சொன்ன?"

"நீங்க ஒருத்தர் குடிக்கறதுக்கா வாங்கறீங்க?" என்றான் பெனுவா.

அவர் கோப்பையை மேசையில் வைத்தார். "எடுக்க மாட்டேன். புரியுதில்ல?"

"புரியுது."

"வருத்தப்படாத. பாட்டில்லயே தூங்க வச்சா சில சமயம் தானாப் போயிடும். சில சமயம் போகாது. அடுத்த கோடையில வரேன். வரும்போது என் சம்சாரத்தக் கூட்டிக்கிட்டு வரேன். ஓதெத்தோட நாக்குக்கு ஒண்ணும் தப்பாது. இருபது வருஷமா என் சமையலச் சகிக்க முடியலன்னு சொல்றா. இப்பத்தான் அதுக்குக் காரணம் தெரியுது."

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. வேன் இறங்கிப்போகும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

பெனுவா பாறையில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"காலையிலேயே தெரியுமாக்கா?"

"உன்கிட்டச் சொல்லத்தான் கெளம்பினேன். அவரு வந்துட்டாரு."

"நீ கைய மோந்து பாக்கலன்னா நான் வித்திருப்பேன்."

"தெரியாம வித்தா பாவமில்லடா."

"உனக்குத் தெரிஞ்சிருக்குமே" என்றான் அவன்.

கோடை முடிந்தது. சங்கத் தலைவர் அடுத்த அறுவடைவரை தவணை கொடுத்தார். அதற்குமேல் கதவு திறந்திருக்காது என்றார். நிலவறை முழுதும் விற்காத பாட்டில் அடைத்துக் கிடந்ததால் புதுப் பழத்துக்கு இடமில்லை. ஒரு பீப்பாய் மட்டும் தனக்கு வைத்துக்கொண்டு மீதியைப் பெனுவா ஒரு வியாபாரிக்குப் பழமாகவே தள்ளிவிட்டான். அந்த ஒரு பீப்பாயில் துளி கந்தகம் போட்டான். குளிர்காலத்தில் பிறர் தோட்டங்களில் கூலிக்குக் கவாத்து வெட்டினான். விரல் வெடித்து ரத்தம் கசிய வீட்டுக்கு வருவான்.

"என்னப்பா, எலி எப்படி இருக்கு? குட்டி போட்டுச்சா?" என்று ஃபிர்மேன் டிராக்டரிலிருந்து கத்துவார்.

"உங்களத்தான் கேட்டுச்சு மாமா. ஊருல தன்னவிடப் பெரிய வயிறு யாருக்குன்னு."

பதில் சொல்வான். ஆனால் முன்போல் சீழ்க்கை அடிப்பதில்லை.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அர்மேல் ஒரு பாட்டிலைத் திறப்பாள். பெனுவா கதவருகே நிற்பான். அவள் விழுங்கி, ஜெபத்தை முணுமுணுப்பாள். கடைசியில், வாடை இருக்கிறது என்று அவள் தலை அசைந்தால் அவன் வெளியே போய்விடுவான். இலையுதிர் காலத்தில் இருந்தது. பனிக்காலத்தில் இன்னும் கனத்து, ஜெபம் பாதி தாண்டும் முன்பே வந்தது. அன்று மட்டும் அவள் பொய் சொல்ல நினைத்தாள். வாய் வரவில்லை. தலையை ஆட்டினாள். அவன் போன பிறகு அடுப்படியில் உட்கார்ந்து, இந்த நாக்கை எனக்கு ஏன் கொடுத்தாய் என்று அப்பாவின் நாற்காலியைப் பார்த்துக் கேட்டாள்.

கொடிகள் துளிர்த்தபோது வாடை இளைத்திருந்தது. பூக்கும் மாதத்தில் அவள் ஜெபம் முழுதும் சொல்லி முடித்துவிட்டு, இன்னொன்றும் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. புறங்கையை மோந்தாள். மிளகு வாசனை மட்டும்.

பெனுவா கதவருகே காத்திருந்தான்.

"என்னக்கா?"

"தெரியலடா."

"தெரியலன்னா?"

அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை. குடித்தனக்காரன் போய்விட்டானா, இல்லை, ஒரு வருஷமாகக் குடித்துக் குடித்துத் தன் நாக்குக்குப் பழகிவிட்டதா? போகட்டும் போகட்டும் என்று வேண்டிக்கொண்ட மனசு நாக்கை ஏமாற்றுகிறதா? நாற்றமுள்ள வீட்டில் இருப்பவர்களுக்கு நாற்றம் தெரியாதே. முன்பு இருப்பது தெரிந்து பயந்தாள். இப்போது இல்லாததை நம்பப் பயந்தாள். இது அதைவிட மோசமாக இருந்தது. தேவாலயத்தில் பக்கத்தில் நிற்பவளின் ஈரக் கம்பளி வாடை தனக்குத் தெரிகிறதா என்று சோதித்தாள். கெட்ட முட்டையை வேண்டுமென்றே உடைத்து மோந்து பார்த்தாள்.

சங்கத்தின் காகிதம் கையெழுத்தில்லாமல் சமையலறை மேசையில் உப்புக் குடுவைக்கடியில் கிடந்தது.

தெலாத்ர் சொன்னபடி வந்தார். வேனிலிருந்து முதலில் இறங்கியது அவர் மனைவி ஓதெத். குட்டையான, தடித்த அம்மாள். கையில் ஒரு பிரம்புப் பை. வீட்டைச் சுற்றிப் பார்த்தாள், மூக்கை உறிஞ்சினாள்.

"பின்னால கோழி வச்சிருக்கீங்களா?"

"இருக்கு மதாம்" என்றாள் அர்மேல். கோழிக்கூடு வீட்டுக்கு மறுபுறம், காற்று அங்கிருந்து வீசாத பக்கம் இருந்தது.

நிலவறையில் நான்கு பேர். இந்த முறை எந்த வரிசையிலிருந்து எடுப்பது என்று ஓதெத்தே போய்க் கையை வைத்தாள். ஒன்று வாசலருகே. ஒன்று நடுவில். ஒன்று சுவரோரம். மூன்றையும் பெனுவா திறந்தான். அவன் கை ஆடவில்லை. ஆனால் தக்கையை உருவியதும் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாயில் கவ்விக்கொண்டான்.

"அத எடுப்பா, பயமா இருக்கு பாக்க" என்றாள் ஓதெத்.

முதல் கோப்பையை விழுங்கினாள். மூவரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். நாக்கில் ஓட்டையுள்ள இரண்டு ஆண்கள், தன் நாக்கையே நம்பாத ஒரு பெண். அர்மேல் ஜெபம் சொன்னாள். தெலாத்ர் தொப்பியைக் கையில் சுருட்டினார். ஓதெத்தின் புருவம் ஒருமுறை ஏறியது. புருவம் இறங்கியது.

"வாயப் பொளந்துக்கிட்டு நிக்காதீங்க" என்றாள் ஓதெத் கணவனிடம். "ரொட்டி இருக்கா மதாம்?"

அர்மேல் ஓடிப்போய் ரொட்டி கொண்டுவந்தாள். ஓதெத் ஒரு துண்டு மென்று வாயைத் துடைத்துக்கொண்டு இரண்டாவதைக் குடித்தாள். மறுபடி அதே காத்திருப்பு. மறுபடி பாறையின் சொட்டு. மூன்றாவதைக் குடித்துவிட்டுப் புறங்கையில் தேய்த்தாள். காயும்வரை அதை ஊதக்கூட இல்லை. பெனுவாவை மேலும் கீழுமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மோந்தாள். இந்தப் புறம், அந்தப் புறம். கையை நாய் மாதிரி நக்கினாள்.

"போன வருஷம் இவருகிட்டச் சொன்னது நீதானா?"

"ஆமா மதாம்."

"ம்."

மீதியிருந்ததை முழுதும் குடித்தாள். கோப்பையைத் திருப்பிப் பார்த்தாள், துளி இல்லை. அதைப் பெனுவாவிடம் நீட்டினாள். ஊற்றச் சொல்கிறாளா, வாங்கி வைக்கச் சொல்கிறாளா என்று அவனுக்குப் புரியவில்லை. அவன் ஓதெத்தைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வண்டியப் பின்பக்கமா எடுத்துக்கிட்டு வாங்க" என்றாள் ஓதெத் கணவனிடம். "இத்தனையும் நான் தோள்ல தூக்கிக்கிட்டு வரணுமா?"

தெலாத்ர் தொப்பியை மாட்டிக்கொண்டு ஓடினார். பெனுவா கோப்பையைப் பிடித்தபடி அப்படியே பாறையில் சாய்ந்தான். அர்மேல் அவன் தோளில் கையை வைக்கப் போனாள். அதற்குள் வெளியே வேன் உறுமும் சத்தம் கேட்டது. சரிவு செங்குத்தானது, பின்னோக்கி வந்தால் ஓரத்துப் பழைய கொடிகளின் மேல் சக்கரம் ஏறிவிடும். அவள் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

"மெதுவா! முசியே, மெதுவா! இடது பக்கம் கொடி இருக்கு!"

அவளுடைய குரல் சரிவெல்லாம் கேட்டது. வேலியருகே டிராக்டரை நிறுத்திய ஃபிர்மேன், என்ன ஆயிற்றோ என்று பயந்து எழுந்து நின்றார். உள்ளே, நிலவறையில், பெனுவா சீழ்க்கை அடிக்கத் தொடங்கியிருந்தான்.